யானைக்கும் கழுதைக்கும் நடுவில் ஒரு பஸ்

அமெரிக்காவுக்கு யார் ஜனாதிபதியாக வருவது என்ற கவலையை ஏறக்குறைய எட்டு மாதங்கள் நான் தனியாளாகச் சுமந்தேன். அந்த நாட்டில் எனக்கு வாக்கு இல்லை. விசாவும் இல்லை. துறைமுகத்தில் இலிகிதராக இருந்த காலத்தில் அங்கிருந்து கோதுமைக் கப்பல் வரும், நான் துண்டு எழுதிக் கொடுப்பேன். அமெரிக்காவுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்டின் எதிர்காலம் உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில், ஒரு கால் உடைந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தீர்மானிக்கப்படும் என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் வீட்டில் அமெரிக்க வாக்கு ஒன்று உண்டு. அது மகளுடையது. பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள், ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. தேர்தலுக்கு எட்டொன்பது மாதங்களுக்கு முன்னர்தான் அவளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. வலக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்யும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். என் மனைவி அதை அச்செடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்து, பிள்ளை மெலிந்துவிட்டாள் என்று கண்ணைத் துடைத்தாள். நான் அந்தப் படத்தில் ஒரு வாக்கைக் கண்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது அமெரிக்கா அல்ல, மகளோடு கதைக்க ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் காலைப் பூசைக்குப் போய் வந்தபின் அவள் அழைப்பாள். அவளுக்கு அப்போது சனி இரவு, ஓய்வு நாள். முதல் நாற்பது நிமிடம் தாயும் மகளும் கதைப்பார்கள். சோறு, முழங்கால் வலி, பஸ், மழை என்று ஏதேதோ காதில் விழும். அதை நான் பெண்கள் கதை என்று ஒதுக்கிவிட்டுப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருப்பேன். கடைசி ஐந்து நிமிடம் எனக்கு.

"சாப்பிட்டியா?"

"ஓம் அப்பா."

"அங்க குளிரோ?"

"ஓம் அப்பா."

"சரி, அம்மாவிட்டக் குடுக்கிறன்."

மொழி தெரியாத கப்பல்காரரோடு கையாலும் கண்ணாலும் கதைத்து வேலை முடித்தவன் நான். பெற்ற மகளிடம் கேட்க மூன்றாவது கேள்வி இல்லாமல் ஒவ்வொரு ஞாயிறும் போனை நீட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தேன். அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நோகவும் செய்தது. அதனால்தான் அவளுக்கு வாக்குக் கிடைத்தபோது, இதோ அகப்பட்டது மூன்றாவது கேள்வி என்று துள்ளினேன். அமெரிக்க அரசியலைக் கரைத்துக் குடித்துவிட்டு மகளோடு ஒரு முழு மணித்தியாலம் கதைப்பது என்று முடிவெடுத்தேன்.

படிப்பு முதல் நாளிலேயே பிழையாகிவிட்டது. அங்கே பெரிய கட்சிகள் இரண்டு, ஒன்றின் அடையாளம் யானை, மற்றதன் அடையாளம் கழுதை என்று போன் காணொளியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். யானையைக் கண்டதும் என் கை தானாக எழுந்தது. எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க இந்த நாட்டில் யானைச் சின்னத்துக் கட்சிக்குப் புள்ளடி போட்டவர். வேட்பாளரின் பெயர் கூட அவருக்குத் தெரியாது. வாக்குச் சீட்டில் யானை எங்கே நிற்கிறது என்று விரலால் தேடிப் பிடித்து, கீழே கோடு படாமல் கவனமாகப் போடுவார். அந்த யானைக்கும் இந்த யானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒரு கொள்கையும் கேட்காமல், ஒரு முகத்தையும் பார்க்காமல், ஒரே நிமிடத்தில் நான் அமெரிக்காவின் யானைக் கட்சிக்காரன் ஆனேன்.

மிச்சத்தைப் போன் பார்த்துக்கொண்டது. யானையைப் புகழும் காணொளி ஒன்றைப் பார்த்து முடித்தால் கழுதையைத் திட்டும் காணொளி தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்தால் இன்னும் கடுமையாகத் திட்டுபவர் வருவார். மூன்றாவது கிழமையில், தமிழில் கத்திக் கத்திச் சொல்லும் ஒருவரின் குரல் இல்லாமல் எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. கழுதைக் கட்சி வென்றால் உலகம் என்ன ஆகும் என்று நினைத்து ஒருநாள் எனக்கு உண்மையாகவே நெஞ்சு படபடத்தது. மனைவி பிரஷர் குளிசையைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "உங்களுக்கு அங்க வோட்டு இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

என் எதிர்க்கட்சி சலூனில் இருந்தது. உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கிண்ணியாக்காரர் வைத்திருக்கும் சலூன் அது. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் தலையைச் செப்பனிடத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. இப்போது என் தலையில் அவருக்குப் பெரிய வேலை இல்லை, கதைக்காகத்தான் போவது. நான் யானையின் பெருமைகளை எடுத்துவிட்டபோது அவர் கத்தரிக்கோலை நிறுத்தினார்.

"ஐயா, யானைக்கு எல்லாரும் இருக்காங்க. கழுதைக்கு ஆர் இருக்கா? பாவம், நான் கழுதை."

அவருடைய அரசியல் தத்துவம் அவ்வளவுதான். ஆனால் அவருடைய போனும் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதத்தில் அவரும் கழுதைக் கட்சியின் தூண் ஆகிவிட்டார். வேட்பாளர்கள் இருவரும் நேருக்கு நேர் விவாதித்த மறுநாள், என் போனையும் அவர் போனையும் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஒரே மேடை, அதே இரண்டு பேர். என் போனில் யானை கழுதையை மிதித்துவிட்டது. அவருடைய போனில் கழுதை யானையை உதைத்துத் தள்ளிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்தோம். இவ்வளவு நல்ல மனிதரை இப்படி ஏமாற்றுகிறார்களே என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன். அவரும் எனக்காக வருத்தப்பட்டதாகப் பிறகு சொன்னார். இரண்டு போன்களுமே எங்கள் இருவரையும் வைத்துப் பிழைக்கின்றன என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

படிப்பில் அடுத்த பாடம் அமுக்கக் குழுக்கள். தேர்தலில் நிற்காமலே அரசை ஒரு பக்கம் சாய்ப்பவர்கள். துப்பாக்கி வைத்திருப்போர், வைத்தியர்கள், விவசாயிகள், எண்ணெய்க்காரர் என்று அங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு அலுவலகம், அலுவலகத்தில் சட்டசபைக்காரரைப் போய்ப் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள். இதை நான் ஒருநாள் குசினி வாசலில் நின்று மனைவிக்கு விளக்கினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்கள் பஸ்ஸுக்குச் செய்தது போலத்தானே?" என்றாள்.

புல்மோட்டை பஸ் முன்பு எங்கள் மாதா கோயிலடிச் சந்தியில் நிற்பதில்லை. பூசைக்கு வரும் வயதானவர்கள் வெயிலில் அரை மைல் நடக்கவேண்டும். கோயில் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, என் மனைவி முன்னுக்கு நின்று, ஒரு கடிதம் எழுதினார்கள். கோயிலில் மட்டும் கையெழுத்து வாங்கினால் கோயில் அலுவல் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று, கடற்கரையில் விடுதி வைத்திருப்பவர்களிடம் போனார்கள்; வெள்ளைக்காரர் இறங்க வசதி என்று அவர்கள் போட்டார்கள். மீன் ஏலக்காரரிடம் போனார்கள். பள்ளிவாசல் தலைவரிடம் போனார்கள். ஐந்து மாதம் டிப்போவுக்கு நடந்தார்கள். பஸ் நின்றது. அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸில்தான் சலூனுக்குப் போகிறேன். ஆனாலும் நான் சிரித்துவிட்டு, "இது அமெரிக்கா. விளங்காட்டிச் சும்மா இரும்" என்றேன். அவள் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

இப்படித் தயாராகிக்கொண்டு மகளிடம் இறங்கினேன். முதல் ஞாயிறு ஏழு நிமிடம் கதைத்தேன். பெருமையாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு பன்னிரண்டு நிமிடம், அதில் பதினொன்று நான் கதைத்தது. பிறகு ஞாயிறு போதாமல் காணொளிகளை அனுப்பத் தொடங்கினேன். குடும்பக் குழுவில் கனடாவில் இருக்கும் மச்சானையும் பிரான்சில் இருக்கும் அண்ணன் வழிப் பெறாமகனையும் பிடித்து, பிள்ளைக்குப் புத்தி சொல்லச் சொன்னேன். பிரசாரம் செய்யும் கட்சி நான், ஆள்பிடித்து நெருக்கும் அமுக்கக் குழு நான், ஒரு பக்கச் செய்தியை மட்டும் அனுப்பும் ஊடகமும் நான். ஒரே ஒரு வாக்காளருக்கு இவ்வளவு செலவழித்த தேர்தல் அந்த நாட்டின் சரித்திரத்திலும் இருந்திருக்காது.

அவள் எந்தப் பக்கம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. "ம்" என்பாள். அந்த "ம்"மில் கழுதை இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிறு சந்தேகம் முற்றிவிட்டது.

"பிள்ளை, நான் அனுப்பினது பார்த்தியா?"

"எதை அப்பா? நேற்று மட்டும் பதினொண்டு வந்தது."

"பொருளாதாரம் பற்றினது. உனக்கு அங்கத்தைய நிலவரம் விளங்கேல்லை."

"அப்பா, நான் இஞ்சதான் இருக்கிறன்."

"இருந்தால் மட்டும் காணாது. விபரம் தெரியவேணும்."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "கிழமை முழுக்க இரவு வேலை அப்பா. உங்களோட கதைக்க எனக்கு ஆசைதான். வேற ஏதும் கதைப்பமே?"

வாழ்நாளில் ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு அழைப்பு எத்தனை தடவை வரும்? எனக்கு வந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை இந்த வயதில் எழுதக் கை கூசுகிறது. "இப்பிடிப் பொறுப்பில்லாமல் வோட்டுப் போடவோ உனக்கு அவங்கள் பிரஜாவுரிமை தந்தவங்கள்?" என்றேன். அழைப்பு அறுந்தது. சிக்னல் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிக்னல் நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அழைப்பு மனைவியின் போனுக்கு வந்தது. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து சிரிப்பு வந்தது. நாற்பத்தைந்து நிமிடம். எனக்கு முன்பு கிடைத்த ஐந்து நிமிடமும் அந்தக் கதவுக்கு உள்ளே போய்விட்டது. நான் விறாந்தையில் இருந்து காணொளி பார்த்தேன். கத்துபவர் கத்தினார். ஒரு சொல்லும் மனதில் ஏறவில்லை. இப்படியே தேர்தல் வரை ஆறு ஞாயிறு போயிற்று. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் தேர்தல் முடிவு வந்தால் நான் சொன்னதுதான் சரி என்று தெரியவரும், அவளே அழைப்பாள் என்று காத்திருந்தேன். கட்சிக்காரனுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

எங்களுக்குப் புதன் காலையில் முடிவுகள் வரத் தொடங்கின. நானா அன்று சவரம் கேட்டு வந்த இரண்டு பேரைப் பிறகு வரச்சொல்லிவிட்டார். இரண்டு போன்களும் பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்தன. மாநிலத்தில் ஒரு வாக்குக் கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்துப் பங்கு முழுவதும் என்ற அந்த ஊர்க் கணக்கை நான் சலூனில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். எந்த மாநிலங்கள் இழுபறி என்று பாராமல் ஒப்புவித்தேன். மத்தியானத்துக்குள் எங்கள் இருவரில் ஒருவர் வென்றுவிட்டார். யார் என்று எழுதினால் மற்றவர் இன்றைக்கும் மனம் நோவார், விட்டுவிடுகிறேன். வென்றவர் தோற்றவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பிளேன்ரீ ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷம் முடிந்துவிட்டது. போனை எடுத்து மகளின் இலக்கத்தைப் பார்த்தேன். அழுத்தத் துணிவு வரவில்லை.

ஞாயிறு வந்தது. குசினிக் கதவு வழமைபோலச் சாத்தியிருந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை. கதவைத் திறந்தபோது மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"தோத்துப் போச்சாம்" என்றாள்.

"அதுதான் புதன்கிழமையே தெரியுமே. அப்ப அவள் மற்றக் கட்சியே?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வந்தது.

"கட்சியோ? பஸ் தோத்துப் போச்சு" என்று சொல்லிப் போனை என் கையில் வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளை, என்ன பஸ்?" என்றேன். அதுதான் நான் அவளிடம் கேட்ட மூன்றாவது கேள்வி.

அவள் சொன்னாள். அவர்களுடைய வாக்குச் சீட்டு நாலு பக்கமாம். ஜனாதிபதி முதல் பக்கத்தின் மேல் மூலையில் மட்டும். பிறகு நீதவான், பள்ளிக்கூடச் சபை என்று பெயர் பெயராகப் போய், கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: பஸ்ஸை ஆஸ்பத்திரி வரை நீட்டுவதற்கு வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா, ஆமா இல்லையா? அந்தக் கேள்வியைச் சீட்டில் ஏற்றவே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வேண்டும். மகளும், தாதிமாரும், ஆஸ்பத்திரி கூட்டித் துடைப்பவர்களும் சேர்ந்து மாதக்கணக்காகக் கடை வாசல்களில் நின்று வாங்கியிருக்கிறார்கள்.

"அம்மாதான் சொன்னவ, ஆஸ்பத்திரி ஆக்களிட்ட மட்டும் வாங்காதை, வயோதிபர் இல்லத்துக்குப் போ, கடைக்காரரிட்டப் போ எண்டு. கோயிலடி பஸ்ஸுக்குச் செய்தது மாதிரி."

நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நாற்பது நிமிடங்களில் என் வீட்டிலேயே ஒரு தேர்தல் நடந்திருக்கிறது.

"பிறகேன் தோத்தது?"

"வரிக்கு எதிரான சங்கம் ஒண்டு வீட்டுக்கு வீடு மினுங்கல் அட்டை அனுப்பினது அப்பா. 'உங்கட வரி ஏறுது' எண்டு மட்டும் போட்டு. பஸ் எண்ட சொல்லே அதில இல்லை. எங்கட ஊர்ப் பேப்பர் மூடிக் கனகாலம், எழுத ஒருத்தரும் இல்லை. டீவியைப் போட்டால் யானையும் கழுதையும்தான். ரெண்டு கட்சியும் எங்கட பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கேல்லை. முந்நூறு வோட்டால போச்சு."

"நீ ஜனாதிபதிக்கு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

அவள் சிரித்தாள். "எங்கட மாநிலம் எந்தப் பக்கம் போகும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அப்பா. அதில என்ர வோட்டால ஒண்டும் மாறாது. பஸ்ஸில மாறியிருக்கும்."

"இப்ப பஸ் எங்க மட்டும் போகுது?"

"பெரிய சந்தியோட நிண்டிடும். அங்கால ஆஸ்பத்திரிக்கு இருபத்தைஞ்சு நிமிசம் நடை. பனியில கார் ஓடப் பயத்தில காரை வித்திட்டன்."

"எவ்வளவு காலமா நடக்கிறாய்?"

"மூண்டாவது பனிக்காலம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னனான் அப்பா. நீங்கள் அப்ப எந்தெந்த மாநிலம் இழுபறி எண்டு சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

நான் குசினிக்குள் இருந்த மணையில் குந்திவிட்டேன். அந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த மாவட்டத்தில் எந்த இனச் சனம் எந்தக் கட்சிக்குப் போடும் என்று சொல்லுவேன். அதே நாட்டில் என் பிள்ளை பனிக்குள் தனியே நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் காணொளி அனுப்பியிருந்தேன். ஒன்றிலாவது அந்த பஸ் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சப்பாத்து நல்லதோ?" என்று கேட்டேன். அவள் அந்தப் பக்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "நல்லது அப்பா" என்றாள்.

இப்போது அவள் ஞாயிறு வரை காத்திருப்பதில்லை. வேலை முடிந்து அவள் காலையில் நடக்கத் தொடங்கும்போது இங்கே மாலை ஐந்தரை. நான் சலூனுக்குப் பக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்த சீமெந்து இருக்கையில் இருப்பேன். போன் அடிக்கும். சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சீனன்குடாப் பக்கம் கப்பல் ஒன்று நிற்கிறது என்பேன். பஸ் நிலையத்தில் திரியும் மான்களில் ஒன்று நானாவின் பேப்பரைத் தின்றுவிட்டது என்பேன். அவள் சிரிப்பாள், மூச்சு வாங்குவாள், பனியில் சப்பாத்து நெரிபடும் சத்தம் கேட்கும். சில நாட்களில் இருவரும் கதைப்பதே இல்லை. இருபத்தைந்து நிமிடம் முடிய, "சந்திக்கு வந்திட்டன் அப்பா, பஸ் நிக்குது" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் எழும்புவேன்.

போன கிழமை நானா ஒரு தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார். தேர்தல் முடிந்த நாளில் இருந்து அவர் மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஐயா, ஒளிக்காமச் சொல்லுங்க. மகள் எதுக்குப் போட்டவ? யானைக்கா, கழுதைக்கா?"

"பஸ்ஸுக்கு."

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது வெண்டதா?"

"இல்லை, தோத்துப் போச்சு."

"அப்ப இப்ப என்ன செய்யிற?"

போன் அடித்தது. ஐந்தரை ஆகியிருந்தது.

"நடக்கிறம் நானா" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.